அனுப்புகிறவரின் பொறுப்பு

1988 பிப்ரவரியில் ஐந்து இலங்கைத் தமிழ் இளைஞர்களை பிரிட்டிஷ் அரசு விமானம் ஏற்றி இலங்கைக்குத் திருப்பி அனுப்பியது. முந்தைய ஆண்டு பிரிட்டனுக்கு வந்து தஞ்சம் கேட்டவர்கள் அவர்கள். இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, நிலைமை சீராகி வருகிறது, வடக்கில் நடப்பது புலிகளுக்கு எதிரான படை நடவடிக்கையே தவிர தமிழர் என்பதற்காக யாரையும் துரத்திப் பிடிக்கவில்லை என்பது உள்துறையின் வாதம். அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகளும் உள்துறையின் பக்கமே சாய்ந்தார்கள். மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. ஆனால், அன்றைய சட்டப்படி அவர்கள் நாட்டைவிட்டு வெளியேறிய பிறகுதான் அதைத் தாக்கல் செய்ய முடியும். இலங்கையில் இருந்தபடியே ஐவரும் முறையிட்டார்கள். 1989 மார்ச்சில் அதை விசாரித்த அதிகாரி, அவர்களுடைய அச்சம் ஆதாரமுள்ளதுதான், அவர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அக்டோபரில் அவர்கள் மீண்டும் பிரிட்டன் வந்து சேர்ந்தார்கள். இடையில் ஊரில் இருந்த காலத்தில் தங்களில் மூவர் பிடித்து வைக்கப்பட்டுத் துன்புறுத்தப்பட்டதாக அவர்கள் சொன்னார்கள். வழக்கு ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 1991-இல் அது, இவர்களுக்கு இப்படி நேரும் என்று அனுப்பும்போது உள்துறை முன்கூட்டி அறிந்திருக்க வழியில்லை என்று கூறி, சித்திரவதைத் தடையை பிரிட்டன் மீறவில்லை என்று முடித்தது. ஒரு நீதிபதி மட்டும் அதை ஏற்கவில்லை.

அரசாங்கங்கள் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவற்றைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம். தவறாக வசூலித்த வரியைத் திருப்பித் தரலாம், தவறாக ரத்து செய்த உரிமத்தை மீண்டும் கொடுக்கலாம். உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவரை, அவர் யாருக்கு அஞ்சினாரோ அவர்கள் கையிலேயே ஒப்படைத்துவிட்டால் அதைத் திருத்த வழியே இல்லை. அந்த ஐவர் விஷயத்தில் தவறு திருத்தப்பட்டது என்றால் அதற்குக் காரணம் சட்டமல்ல, அவர்கள் உயிரோடு இருந்தார்கள் என்பதுதான். திருப்பி அனுப்பும் அதிகாரம் அரசுக்கு உண்டு. ஆனால் அனுப்பிய பிறகு நேர்வதற்கும் அனுப்பியவரே பொறுப்பு என்பதால், சரிபார்க்கும் வேலை முழுவதும் விமானம் ஏற்றுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கடந்த 35 ஆண்டுகளில் உலகின் நீதிமன்றங்கள் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்திருக்கும் இடம் இதுதான்.

ஒரு நாட்டுக்குள் யார் தங்கலாம், யார் தங்கக் கூடாது என்று முடிவு செய்வது அந்நாட்டு அரசின் உரிமை. மனித உரிமைச் சட்டம் இதை எங்கும் மறுக்கவில்லை. 1948-இன் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம்கூட தஞ்சம் தேடுகிற உரிமையைத்தான் சொல்கிறது. தஞ்சம் கேட்டவருக்கெல்லாம் அதைக் கொடுத்தாக வேண்டும் என்று அது எந்த அரசையும் கட்டாயப்படுத்தவில்லை. அரசின் உரிமைக்கு ஒரு வேலி போட்டது 1951-இன் அகதிகள் ஒப்பந்தம். இனம், மதம், தேசிய அடையாளம், சமூகப் பிரிவு, அரசியல் கருத்து ஆகியவற்றால் உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து உள்ள இடத்துக்கு ஓர் அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது அதன் 33-வது பிரிவு. அதே பிரிவு, நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர்களுக்கு இந்தக் காப்பு கிடையாது என்று ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. 1984-இல் ஐ.நா. கொண்டுவந்த சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தின் 3-வது பிரிவில் அந்த விலக்கும் இல்லை. சித்திரவதைக்கு உள்ளாவார் என்று நம்பப் போதிய காரணம் இருந்தால் அவர் அகதியா, குற்றவாளியா, கோரிக்கை நிராகரிக்கப்பட்டவரா என்ற கேள்விக்கே இடமில்லை. அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். தஞ்சக் கோரிக்கை தள்ளுபடியாகிவிட்டால் மனித உரிமைக் கடமைகளும் தீர்ந்துபோயின என்று பலர் நினைக்கிறார்கள். தள்ளுபடியானது ஒரு விண்ணப்பம் மட்டுமே.

இதற்கு முதலில் வரும் மறுப்பு, சித்திரவதை செய்வது வேறொரு நாடு என்றால் அதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம் என்பது. ஐரோப்பிய நீதிமன்றம் 1989-இல் சோரிங் வழக்கில் இதற்குப் பதில் சொன்னது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இரட்டைக் கொலைக் குற்றச்சாட்டுக்கு ஆளான ஜெர்மன் இளைஞர் ஒருவர் இங்கிலாந்தில் பிடிபட்டிருந்தார். அவரை ஒப்படைத்தால் மரண தண்டனைக் கைதிகளின் கொட்டடியில் ஆண்டுக்கணக்கில் சாவை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டிவரும். அதுவே மனிதத்தன்மையற்ற நடத்தை என்றது நீதிமன்றம். அங்கே நடக்கப்போவதற்கு அமெரிக்காவைக் கூண்டில் ஏற்றும் அதிகாரம் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு இல்லை. ஆனால், என்ன நேரும் என்று தெரிந்தே ஒருவரைத் தன் கையால் பிடித்து ஒப்படைப்பது பிரிட்டனின் செயல். அந்தச் செயலுக்கு பிரிட்டனே பதில் சொல்ல வேண்டும். வெட்டியவன் வேறு ஆளாக இருக்கலாம், கையைக் கட்டிக் கொண்டுபோய் நிறுத்தியவனும் குற்றத்திலிருந்து தப்ப முடியாது என்பது எந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கும் புரியக்கூடிய நியாயம்தான்.

சரி, ஆபத்து இருக்கிறதா இல்லையா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? நாட்டில் பொதுவாக நிலைமை எப்படி என்று பார்த்துவிட்டு முடிவெடுத்தால் அந்த ஐந்து இளைஞர்களுக்கு நேர்ந்ததுதான் நேரும். 2008 ஜூலையில் ஒரு தமிழர் பிரிட்டனுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் இதைவிட நுணுக்கமாக இறங்கியது. இலங்கைக்குத் திரும்பும் தமிழர் எல்லோருக்கும் ஆபத்து என்று அது சொல்லவில்லை. யாருக்கு ஆபத்து கூடுதல் என்று கணிக்க உதவும் விவரங்களை அடுக்கியது: புலி என்ற சந்தேகத்தில் முன்பு பிடிபட்டதற்கான பதிவு, நிலுவையில் உள்ள பிடியாணை, பிணையில் வந்து தலைமறைவானது, வாக்குமூலத்தில் கையெழுத்திட்டது, உளவு சொல்லக் கேட்கப்பட்டது, அடையாள அட்டை இல்லாதது, கள்ளத்தனமாக நாட்டைவிட்டுப் போனது, புலிகளுக்கு நிதி திரட்டப்படும் லண்டன் போன்ற நகரிலிருந்து திரும்புவது, இயக்கத்தில் இருந்த உறவினர், உடம்பில் உள்ள தழும்பு. கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒருவரைத் தனியே அழைத்துச் சட்டையைக் கழற்றச் சொன்னால் அந்தத் தழும்பு என்ன கதை சொல்லும் என்பதைத் தஞ்ச அதிகாரி லண்டனில் உட்கார்ந்தே யோசித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். ஒவ்வொன்றாக எடுத்தால் பெரிதாகத் தெரியாத விவரங்களும் ஒன்றுசேர்ந்தால் ஆபத்தாகலாம், ஆகவே மொத்தமாக எடைபோட வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் அந்தத் தமிழர் வென்றார்.

இவ்வளவு தெளிவான அளவுகோல் கிடைத்த பிறகும் தவறுகள் நின்றுவிடவில்லை. போர் முடிந்த பின், 2011 முதல் பிரிட்டன் தனி வாடகை விமானங்களில் தமிழர்களைத் தொகுப்பாக அனுப்பியது. அப்படிப் போனவர்களில் சிலர் அங்கே சித்திரவதைக்கு உள்ளாகி, மறுபடி தப்பி வந்து, அதே பிரிட்டனில் அகதித் தகுதி பெற்றார்கள் என்பது வெளியே வந்தது. 2013 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றம் தமிழர்களை அனுப்புவதை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு ஜூலையில் குடிவரவுத் தீர்ப்பாயம் கணக்கைத் திருத்தி எழுதியது. பழைய புலித் தொடர்பைவிட, புலம்பெயர் நாடுகளில் பிரிவினைக் கோரிக்கையை உயிர்ப்பிக்க வேலை செய்கிறவர் என்று இலங்கை அரசு கருதும் ஆட்களுக்குத்தான் இப்போது அதிக ஆபத்து என்றது. நாட்டின் நிலைமை மாறும்போது ஆபத்தின் முகமும் மாறுகிறது. நேற்றைய அறிக்கையை வைத்து இன்று ஒருவரை அனுப்ப முடியாது.

எத்தனை நல்ல அளவுகோலும் அதைப் பயன்படுத்த நேரம் கொடுத்தால்தான் உதவும். துருக்கியில் ஓர் ஈரானியப் பெண் தஞ்சம் கேட்டார். முறையற்ற உறவு என்ற குற்றச்சாட்டில் ஈரானில் கல்லெறி தண்டனை கிடைக்கலாம் என்பது அவர் அச்சம். நாட்டுக்குள் வந்து ஐந்து நாட்களுக்குள் விண்ணப்பிக்கவில்லை என்று கூறி துருக்கி அவருடைய கதையைக் கேட்கவே மறுத்துவிட்டது. 2000-இல் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம், உயிர்ப் பிரச்சினையில் நாள் கணக்குப் பார்த்துக் கதவைச் சாத்துவதை ஏற்க மறுத்தது. பெல்ஜியத்தில் நடந்தது இன்னும் கீழ்த்தரமான காரியம். 1999-இல் கென்ட் நகரக் காவல்துறை, உங்கள் தஞ்ச விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய வேண்டியிருக்கிறது, நிலையத்துக்கு வாருங்கள் என்று ஸ்லோவாகிய ரோமா குடும்பங்களுக்குக் கடிதம் அனுப்பியது. நம்பி வந்தவர்களை அங்கேயே கைது செய்தது. மேல்முறையீடு பற்றிய தகவல் பொடி எழுத்தில் இருந்தது, அத்தனை குடும்பங்களுக்கும் ஒரே மொழிபெயர்ப்பாளர். சில நாட்களில் எல்லோரையும் கூட்டமாக விமானம் ஏற்றிவிட்டார்கள். 2002-இல் நீதிமன்றம் இந்த ஏமாற்றையும் கண்டித்தது, ஆளுக்கு ஆள் விசாரிக்காமல் கூட்டமாக வெளியேற்றியதையும் கண்டித்தது. 2007-இல் பிரான்சுக்கு எதிரான வழக்கில், சித்திரவதை அச்சம் உள்ளவர் மேல்முறையீடு செய்த உடனே நாடுகடத்தல் தானாக நின்றுவிட வேண்டும் என்று அது விதித்தது. 1988-இல் அந்த ஐவருக்குக் கிடைத்தது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்யும் உரிமை. அதே நீதிமன்றம் 1991-இல் அதைக் குறையாகப் பார்க்கவில்லை; அனுப்புவதற்கு முன்பே மேல்முறையீடு செய்து, அது முடியும்வரை தங்கியிருக்கும் உரிமையை ஏற்க இன்னும் 16 ஆண்டுகள் ஆயின.

நிலத்தில் விதி இறுகியதும் சில அரசுகள் கடலுக்குப் போயின. 2009 மே 6 அன்று லாம்பதூசா தீவுக்குத் தெற்கே 35 கடல் மைல் தொலைவில் ஏறக்குறைய 200 பேருடன் வந்த படகுகளை இத்தாலியக் கப்பல்கள் மறித்தன. அவர்களைக் கப்பலில் ஏற்றி, எங்கே போகிறோம் என்றுகூடச் சொல்லாமல், திரிபோலி துறைமுகத்தில் லிபிய அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். யாருடைய பெயரையும் கேட்டு விசாரிக்கவில்லை. எங்கள் மண்ணை அவர்கள் மிதிக்கவே இல்லையே என்ற வாதத்தை 2012-இல் நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியது: இத்தாலியக் கொடி பறக்கும் கப்பலில் இத்தாலியப் படையினரின் பிடியில் இருந்தவர்கள் இத்தாலியின் பொறுப்பில் இருந்தவர்களே. இந்து மாக்கடலில் இந்தப் பாடம் எடுபடவில்லை. 2014 ஜூலையில் ஆஸ்திரேலியா, நடுக்கடலிலேயே சுருக்கமான கேள்விகளுடன் விசாரணையை முடித்து, படகில் தஞ்சம் தேடி வந்த 41 பேரை மட்டக்களப்புக்கு அப்பால் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தது. அதே சமயம் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட இன்னொரு படகில் இருந்த 157 பேர் ஏறக்குறைய ஒரு மாதம் சுங்கக் கப்பலில் அடைபட்டுக் கிடந்தார்கள். அந்த அடைப்பு சட்டப்படியானதே என்று ஆஸ்திரேலிய உச்ச மன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. ஆனால் ஏழு நீதிபதிகளில் மூவர் எதிர்த்தார்கள்.

எல்லா மறுப்புகளிலும் கனமானது பாதுகாப்பு பற்றியது. ஆபத்தான ஆளை நாங்கள் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்ற கேள்வியைச் சாதாரண மக்கள் கேட்பதில் தவறில்லை. 1996-இல் சஹால் வழக்கில் பிரிட்டன் கேட்டதும் இதுதான். சீக்கியப் பிரிவினை இயக்கத்தோடு தொடர்புள்ளவர் என்று கூறி ஒருவரை இந்தியாவுக்கு அனுப்ப முயன்றது. அவர் ஆறாண்டுக்கும் மேல் சிறையில் இருந்தார். அவர் எவ்வளவு ஆபத்தானவர் என்பதையும் அங்கே அவருக்கு எவ்வளவு ஆபத்து என்பதையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. 12 நீதிபதிகள் ஒரு பக்கம், 7 பேர் மறுபக்கம். இது கடினமான தீர்ப்புதான். ஆனால், அது அவரைச் சும்மா விட்டுவிடச் சொல்லவில்லை. குற்றம் செய்திருந்தால் வழக்குத் தொடரலாம், கண்காணிக்கலாம், தண்டிக்கலாம். சித்திரவதைக்கூடத்துக்கு அனுப்புவது மட்டும் கூடாது. இதைத் தவிர்க்க அரசுகள் கண்டுபிடித்த குறுக்குவழி, சித்திரவதை செய்ய மாட்டோம் என்று மறுநாட்டிடம் எழுத்தில் உறுதி வாங்குவது. சோரிங் விஷயத்தில் அது வேலை செய்தது: மரண தண்டனை கேட்க மாட்டோம் என்ற உறுதியின் பேரில் அவர் ஒப்படைக்கப்பட்டார், அது காப்பாற்றப்பட்டது. ஏனென்றால் திறந்த நீதிமன்றத்தில் விதிக்கப்படும் தண்டனையை மறைக்க முடியாது. பூட்டிய அறையில் நடப்பது அப்படியல்ல. 2001 டிசம்பரில் ஸ்வீடன், எகிப்து தந்த உறுதிமொழியை நம்பி இரண்டு எகிப்தியர்களை அனுப்பியது. ஸ்டாக்ஹோம் விமான நிலையத்திலேயே அமெரிக்க ஆட்கள் அவர்களுடைய உடைகளைக் கிழித்து, முகத்தை மூடி விமானத்தில் ஏற்றினார்கள். ஸ்வீடன் தூதர் அவர்களைச் சிறையில் போய்ப் பார்த்தது ஐந்து வாரம் கழித்து, அதுவும் சிறை அதிகாரிகள் உடனிருக்கும்போது. 2005-இல் ஐ.நா. சித்திரவதை எதிர்ப்புக் குழு ஸ்வீடனைக் குற்றவாளியாக்கியது. அடித்தவனே காவலுக்கு நிற்கும்போது அடி வாங்கியவன் தூதரிடம் என்ன சொல்லிவிட முடியும்?

முடிவும் சரி, போகும் இடமும் பாதுகாப்பானது என்றே வைத்துக்கொள்வோம். பயணம் மிச்சமிருக்கிறது. 1998 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில், அடம்பிடித்த 20 வயது நைஜீரியப் பெண்ணின் முகத்தில் காவலர்கள் தலையணையை அழுத்தினார்கள், அவர் இறந்தார். விதிமீறல் என்று இதைச் சொல்லிவிட முடியாது. தலையணையைப் பயன்படுத்தலாம் என்று அப்போதைய விதிமுறையே அனுமதித்திருந்தது. உள்துறை அமைச்சர் பதவி விலகினார். அடுத்த ஆண்டே வியன்னாவிலிருந்து சோஃபியாவுக்குப் போன விமானத்தில் வாயில் டேப் ஒட்டப்பட்ட ஒருவரும், ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து கிளம்பிய விமானத்தில் தலையைக் கீழே அமுக்கிப் பிடிக்கப்பட்ட சூடான்காரர் ஒருவரும் இறந்தார்கள். 2010-இல் லண்டன் ஹீத்ரோவில், அங்கோலாவுக்கு அனுப்பப்பட இருந்த 46 வயதுக்காரர் கைகள் பின்னால் கட்டப்பட்டு இருக்கையில் குனிய வைக்கப்பட்டார். மூச்சு விட முடியவில்லை என்று அவர் கத்தியதைச் சக பயணிகள் கேட்டார்கள். சட்டவிரோதக் கொலை என்று 2013-இல் மரண விசாரணை சொன்னது. அடுத்த ஆண்டு குற்றவியல் நீதிமன்றம் மூன்று காவலர்களையும் விடுவித்தது. இந்தச் சாவுகளிலிருந்து பிறந்த விதிகள் இன்று எழுத்தில் இருக்கின்றன: மூச்சுக்குழாயை அடைக்கும் எதையும் செய்யக் கூடாது, ஏற்றும் முன் மருத்துவர் பார்க்க வேண்டும், உடன் செல்லும் காவலர்கள் முகமூடி அணியக் கூடாது. 2008-இன் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் கட்டாய வெளியேற்றங்களைக் கண்காணிக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்கிறது.

இவ்வளவு நடைமுறையும் யாருடைய காசில், யாருடைய பொறுமையில் என்று கேட்கலாம். பொய்க் கதையோடு வருகிறவர்கள் உண்டு, வேலை தேடி வருகிறவர்கள் உண்டு, மேல்முறையீட்டை வாய்தா வாங்கும் தந்திரமாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. ஐரோப்பாவில் வெளியேற்ற உத்தரவு பெற்றவர்களில் சிறு பங்கினரே உண்மையில் திரும்பிப் போகிறார்கள். இவை எதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பிரிட்டனில் 2010-க்குப் பிந்தைய பெரும்பாலான ஆண்டுகளில், உள்துறை நிராகரித்து மேல்முறையீட்டுக்குப் போன தஞ்ச வழக்குகளில் கால்வாசிக்கும் மேல் விண்ணப்பதாரர் பக்கம் முடிந்திருக்கின்றன. முதல் முடிவு இந்த அளவுக்குத் தவறும்போது இரண்டாவது பார்வையை ஆடம்பரம் என்று எப்படிச் சொல்வது? தாமதத்துக்கு மருந்து முதல் விசாரணையை ஒழுங்காக, நல்ல மொழிபெயர்ப்பாளரோடு, வழக்கறிஞரோடு, விரைவாக நடத்துவது. பொய்யர்கள் இருக்கிறார்கள் என்பது ஒவ்வொருவரையும் விசாரிக்கக் காரணமாகுமே தவிர, யாரையும் விசாரிக்காமல் இருக்கக் காரணமாகாது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. ராஜீவ் காந்தி கொலைக்குப் பின், 1992 ஜனவரி முதல் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து ஈழ அகதிகளைத் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியது. விரும்பித்தான் போகிறார்கள் என்றது அரசு. புரியாத ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கப்படுகிறது என்று புகார் எழுந்தது, சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த ஆண்டு நடுவில்தான் ஐ.நா. அகதிகள் ஆணைய அலுவலர்கள், போகிறவர்களிடம் நேரில் பேசி விருப்பத்தை உறுதிப்படுத்த அனுமதிக்கப்பட்டார்கள். 1995-இல் போர் மீண்டும் மூளும்வரை 50,000-க்கும் மேற்பட்டோர் திரும்பினார்கள். 2018 அக்டோபரில் அசாம் சிறையிலிருந்த ஏழு ரோஹிங்யாக்களை அரசு மணிப்பூரின் மோரே எல்லையில் மியான்மரிடம் ஒப்படைத்தது. அன்று காலை உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. 2025-இல் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் அதே நீதிமன்றத்தில், இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் அல்ல என்ற கருத்து எழுந்தது. தங்க இடம் கொடுப்பதா என்ற கேள்விக்கு அது ஒரு பதிலாக இருக்கலாம். எங்கே, யார் கையில் அனுப்புகிறோம் என்ற கேள்விக்கு அது பதிலே அல்ல. இந்தியா அகதிகள் ஒப்பந்தத்தில் சேரவில்லை. சித்திரவதை எதிர்ப்பு ஒப்பந்தத்தில் 1997-இல் கையெழுத்திட்டும் இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. ஆனால் அரசமைப்பின் 21-வது பிரிவு குடிமக்களுக்கு மட்டும் என்று எழுதப்படவில்லை. சக்மா மக்கள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றமே, இந்த மண்ணில் இருக்கும் எந்த மனிதரின் உயிரையும் காப்பது அரசின் கடமை என்றது. 2021-இல் ரோஹிங்யா வழக்கில், விதிக்கப்பட்ட நடைமுறையைப் பின்பற்றாமல் யாரையும் அனுப்பக் கூடாது என்றும் சொன்னது.

அப்படியானால் மிச்சமிருக்கும் கேள்வி, அந்த நடைமுறையில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான். திரும்பினால் என்ன நேரும் என்று ஒவ்வொருவரையும் அவரவர் மொழியில் கேட்பது, அதிகாரியின் முடிவை இன்னொரு சுயேச்சையான கண் பார்ப்பது, அந்தப் பார்வை முடியும்வரை ஆளை அசைக்காமல் இருப்பது. இந்த மூன்றையும் எந்த அரசும் நாளையே ஓர் அரசாணையில் எழுதிவிடலாம். இதற்கு எல்லையைத் திறந்துவிட வேண்டாம், வந்தவரையெல்லாம் ஏற்க வேண்டாம், அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடக்கூட வேண்டாம். இவற்றைச் செய்த பிறகும் ஒருவரை அனுப்ப வேண்டியிருந்தால் அரசு தாராளமாக அனுப்பலாம். அப்போது அது தன் செயலுக்கு நியாயம் சொல்ல முடியும். இவற்றைச் செய்யாமல் அனுப்பினால், அங்கே நேர்ந்த எதுவும் எங்களுக்குத் தெரியாது என்று பின்னால் சொல்லும் தகுதியை அது இழந்துவிடுகிறது.